மில் வாசலில் நாலாம் புள்ளி

6-6-1983 — ரூ. 5.50
30-9-2004 — ரூ. 11,400
12-2-2024 — ரூ. 18,60,000
4-9-2024 — ரூ. 3,47,00,000

முதல் தொகை, செங்கழனிப்பேட்டை பெரிய மில்லில் நெல் காயவைக்கும் களத்தில் அம்சம் வாங்கிய முதல் நாள் கூலி. அப்போது அவளுக்கு வயது பதினேழு. இரண்டாவது, இருபத்தோரு வருஷம் கழித்து மில்லை மூடியபோது கணக்குத் தீர்த்துக் கையில் கொடுத்தது. மூன்றாவது, மூடிக் கிடந்த அந்த நிலத்தின் மண்ணில் என்ன விஷம் இருக்கிறது என்று பார்க்க அரசாங்கம் நகராட்சிக்கு ஒதுக்கிய பணம். நாலாவது, பார்த்து முடித்த பிறகு, மண்ணைச் சுத்தம் செய்ய இவ்வளவு ஆகும் என்று வந்த மதிப்பீடு.

நாலில் இரண்டு அம்சத்தின் மடியில் விழுந்தவை. மற்ற இரண்டும் பெரிய இடத்துப் பணம். ஆனால் அந்த நாலாவது தொகை அப்படி ஊதிப் போனதற்குக் காரணம் அம்சத்தின் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். இதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

செங்கழனிப்பேட்டை, மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் பக்கத்தில் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சிறு நகரம். பெரிய மில்லின் நிலம் இரண்டு ஏக்கர் எழுபது சென்ட். ஓடிய காலத்தில், அறுவடை மும்முரத்தில் ஒரே நாளில் எண்ணூறு மூட்டை உள்ளே போயிருக்கிறது. மூடியபின் இரும்பாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. கடைசியில் வாசல் கேட்டும் போனது. வரி பாக்கிக்காக 2016இல் நிலம் நகராட்சியின் கைக்கு வந்தது. வந்ததே தவிர, உள்ளே கருவேலமரம் வளர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அம்சம் மில்லை விட்டு அதிக தூரம் போகவில்லை. மூடின மறுவாரமே தெற்கு மதில் ஓரம், ரோட்டைப் பார்த்து ஒரு சாக்கை விரித்துக் காய்கறி வைத்தாள். "உள்ள போகத்தான் விடல, வெளியவாவது உக்காந்துக்கறேன்" என்றாள். அவளைப் பார்த்து ஒருவர் ஒருவராக வந்து, இருபது வருஷத்தில் அந்த மதில் ஓரம் முப்பத்து நாலு கடை ஆகிவிட்டது. அம்சம் கூவி விற்கமாட்டாள். கத்தரிக்காயைக் காம்பு ஒரே பக்கம் பார்க்க அடுக்குவாள். தக்காளியை ஐந்து, நாலு, மூன்று என்று குறுக்கி வைப்பாள். கடைசியாக ஒரு தக்காளியை உச்சியில் வைத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் போய்ப் பார்ப்பாள். அடுக்கு கலைய எடுப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பிடிக்காது. "மேலேருந்து எடுங்க" என்பாள்.

பக்கத்துச் சாக்கு கமருன்னிஸாவுடையது. முட்டை, எலுமிச்சை, கருவாடு. அம்சத்தைவிட நாலு வயது மூத்தவள். சிரித்தால் பாலத்துக்கு அந்தப்பக்கம் கேட்கும்.

2024 பிறந்ததும் இரண்டு செய்தி சேர்ந்து வந்தன. ஒன்று, நெடுஞ்சாலைக்காரர்களின் நோட்டீஸ். ரோடு அகலமாகப் போகிறது, மதில் ஓரக் கடைகள் 31-3-2025க்குள் காலி செய்ய வேண்டும், மாற்று இடம் புறவழிச்சாலைப் பக்கம், இரண்டரைக் கிலோமீட்டரில். அந்த இடத்தை எல்லாரும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள் போகாத அம்சம்.

"ரொம்ப அமைதி" என்றாள் கமருன்னிஸா. "நாலு ஆடு நின்னுச்சு. அதுங்க கருவாடு வாங்காது. உன் கீரைய வேணா வாங்கும், காசு குடுக்காது."

இரண்டாவது செய்தி நல்லது. ஆலைகள் நடந்து பாழான ஊர் நிலங்களைச் சோதித்து, சுத்தம் செய்து, மறுபடி ஜனங்களுக்குப் பயன்பட வைக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. பெரிய மில் நிலமும் அதில் சேர்ந்தது. நகராட்சி கேட்டிருந்தது, கூரை போட்ட மார்க்கெட். மதில் ஓரத்து முப்பத்து நாலு பேருக்கும் கடை. ஆனால் ஒரு நிபந்தனை. சுத்தம் செய்யும் செலவு ஒரு கோடியே இருபது லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் மார்க்கெட் கிடையாது, சுற்றி வேலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 30-9-2024.

ஆக, முப்பத்து நாலு குடும்பத்துப் பிழைப்பு அந்த மண்ணுக்குள் இருந்தது.

ஜூன் பத்தாம் தேதி தஞ்சாவூரிலிருந்து சோதனைக்காரர்கள் வந்தார்கள். தலைமை கயல்விழி என்ற இளம் இன்ஜினீயர். வெயிலுக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆண்களுக்குச் சமமாகக் கருவேலங்காட்டுக்குள் நடந்தாள். ஐம்பது அடிக்கு ஒரு முளை அடித்து, முளைக்கு ஒரு எண் எழுதி, மொத்தம் நாற்பத்தெட்டு இடத்தில் மண் எடுத்தார்கள். அவர்கள் அதைப் புள்ளி என்றே சொன்னார்கள். ஒன்றாம் புள்ளி, இரண்டாம் புள்ளி. வெளியே உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நாலு நாளும் இதே கேலி.

"புள்ளி வெச்சாச்சு. கோலம் எப்ப பாப்பா போடுவே?" என்று கமருன்னிஸா கேட்டாள்.

"ரிசல்ட் வந்ததும் போட்டுடலாம் பாட்டிமா" என்றாள் கயல்விழி.

"பாட்டிமாவா! அம்சம், கேட்டியா? இன்னைக்கு இந்தப் பொண்ணுக்கு எலுமிச்சம்பழம் கெடையாது."

அம்சமும் சேர்ந்து சிரித்தாள். எதைப் பற்றிச் சிரிக்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தரைக்கு நகராட்சி மன்றத்தில் கூட்டம். முப்பத்து நாலு பேரும் வந்திருந்தார்கள். சுவரில் மில் நிலத்தின் வரைபடம் தொங்கியது. கயல்விழி ஒரு குச்சியால் காட்டிக்காட்டிச் சொன்னாள்.

"வடகிழக்கு மூலையில பூச்சிமருந்துப் பொடி அறை இருந்திருக்கு. பி.எச்.சி. பொடி. இப்ப அதுக்குத் தடை. அந்த அறையச் சுத்தி அஞ்சு புள்ளியில விஷம் இருக்கு. அது எதிர்பார்த்ததுதான். அந்த மண்ண மட்டும் வெட்டி எடுத்துருந்தா செலவு வரம்புக்குள்ள வந்துருக்கும். ஆனா..." குச்சி வரைபடத்தின் எதிர் மூலைக்குப் போனது. "நாலாம் புள்ளி. மெயின் வாசல்ல, உள்ள பதினாறு அடி. பொடி அறையிலேருந்து நானூறு அடிக்கு மேல. அங்க மருந்து வெச்சதா எந்தப் பதிவும் இல்ல. ஆனா அங்கயும் அதே பொடி, அதிகமாவே இருக்கு. ரெண்டு தடவ எடுத்துப் பாத்துட்டோம். ரெண்டு மூலையிலயும் இருக்குன்னா, நடுவுல மேல் மண்ணு சுத்தமா இருந்தாலும் அடியில நிலத்தடித் தண்ணியோட பரவியிருக்குன்னுதான் எடுத்துக்கணும். அப்ப மொத்த நெலத்தையும் ஒரு மீட்டர் வெட்டணும். மூணு கோடியே நாப்பத்தேழு லட்சம்."

 யாரோ, "அப்ப ஆட்டுக்குத்தான் கீரை" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அம்சம் சிவப்பு மையில் சுழித்திருந்த அந்த நாலாம் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பதினாறு அடி உள்ளே.  

வெளியே வந்து டீக்கடையில் கமருன்னிஸா இரண்டு டீ சொன்னாள். அம்சம் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஆறுது புள்ள. குடி."

"அக்கா, அது தண்ணியில பரவல. அது நான்."

"எது?"

"வாசல்ல இருக்கற வெஷம். நான் போட்ட கோலம்."

மில் ஓடிய காலத்தில் பொங்கலுக்கு வாசலில் பெரிய கோலம் போடுவது வழக்கம். ஊருக்குள்ளே கோயில் வீதியில் மார்கழிக் கோலப் போட்டி நடக்கும். அம்சம் குடியிருந்த ஓடக்கரைத் தெருவுக்கு அந்த அழைப்பு வந்ததே இல்லை. மில் வாசலுக்கு அப்படி ஒரு முறை கிடையாது. யார் கை நன்றாக ஓடுகிறதோ அவர்கள் போடலாம். களத்துப் பெண்கள் பதினெட்டுப் பேரில் அம்சத்தின் கைதான் ஓடியது. இருபத்தொரு புள்ளி, தாமரை. ஊரே அதைச் சுற்றித்தான் நடந்து போகும்.

1987 பொங்கலுக்கு முதல் நாள் மழை. வாங்கி வைத்த கோலமாவு நனைந்து களியாகிவிட்டது. குடோன் சாவி, அதைப் பார்த்துக்கொண்ட காத்தான் கையில் இருந்தது. மூட்டை அடுக்குகளைச் சுற்றிக் கரையானும் எறும்பும் வராமல் பூச்சிப்பொடியால் கோடு இழுப்பது அன்றாட வேலை. அந்தக் கோட்டை இழுப்பதும் களத்துப் பெண்கள்தான். காத்தான், "வெள்ளைப் பொடி மலையாக் கெடக்கு, மாவுக்கு அழுவுறியா?" என்று ஒரு முறம் நிறைய அள்ளிக் கொடுத்தார்.

அந்தப் பொடி கோலமாவைவிட நைசு. விரல் இடுக்கில் நூல்போல இறங்கியது. தூறலில் கரையவில்லை. எறும்பு ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. மூன்று நாளும் கோலம் போட்டது போட்டபடி இருந்தது. முதலாளி காரை விட்டு இறங்கிப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்று கேட்டு, அம்சத்துக்கு ஒரு சேலை கொடுத்தார். எறும்பு வந்து தின்ன வேண்டிய கோலத்தில் எறும்பு வரவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருஷமும் அதே பொடி. 1997 வரை, பதினோரு பொங்கல். பிறகு பொடி வருவது நின்றது, மறுபடி கோலமாவு.

கமருன்னிஸா கேட்டு முடித்தாள்.  பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். டீ மேலே சிந்தியது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சிரிக்காதீங்கக்கா. முப்பத்து நாலு பேரு பொழப்பு."

"அதுக்குத்தான் சிரிக்கிறேன். மூணு கோடி ரூபாக் கோலம் புள்ள! ராஜா வீட்டுலகூட இல்ல. எழுந்திரு, போய்ச் சொல்லு."

"போலீசு வந்தா? காத்தாண்ணன் என்னாவுறது? எழுவத்தஞ்சு வயசு. ஆத்தாடி, எல்லாரும் என்னைத்தான் சொல்லுவாங்க. இவளாலதான்னு."

அன்று அவள் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் புருஷன் இராஜாங்கத்திடம் சொன்னாள். இராஜாங்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கி, இப்போது முதுகு வலியும் பேச்சுமாக இருக்கிறவர்.

"மண்ணுக்கே வெஷம் வெச்சிருக்கே. எனக்கு வெக்காம விட்டியே, அதுவே பெருசு" என்றார். பிறகு, "பயப்படாதே. அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு. சொன்னா புரிஞ்சுக்கும். காத்தாண்ணன்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை சொல்லிரு" என்றார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அம்சம் காத்தானின் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"அம்சம், அந்தப் பொடிக்கு நான் முதலாளிகிட்ட கேக்கவே இல்ல."

"தெரியும்ணே."

"வருஷத்துக்கு மூணு கிலோ. பதினோரு வருஷம். முப்பத்து மூணு கிலோ. களவுன்னு எழுதுவாங்களா, வெஷம்னு எழுதுவாங்களா?"

"கோலம்னு எழுதுவாங்கண்ணே."

காத்தான் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். "சரி, சொல்லு. நானும் வரேன். ஒத்தைல நீ மாட்டிக்கக் கூடாது" என்றார்.

அன்று, செப்டம்பர் பன்னிரண்டு, சாயந்திரம் நாலு மணிக்கு அம்சம் நகராட்சி அலுவலகத்தில் கயல்விழியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கயல்விழி சிரிக்கவில்லை. முதலில் அவள் கேட்டது, "அம்மா, கையாலயா போட்டீங்க? உங்களுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்றுதான்.

"கை இருக்கு மேடம். பாருங்க."

"ரத்தம் ஒரு தடவ பாத்துடலாம். நான் எழுதித் தரேன். பதினெட்டுப் பேருல இப்ப இருக்கறவங்க எல்லாரும் பாக்கணும்." அதை ஒரு தாளில் எழுதி அம்சத்திடம் கொடுத்த பிறகுதான் கோலத்துக்கு வந்தாள். "நீங்க சொல்றது உண்மைன்னா, நாலாம் புள்ளி தனி. அந்தக் கோலம் போட்ட எடத்த மட்டும் வெட்டினாப் போதும். ஆனா நீங்க சொன்னீங்கன்னு நான் அறிக்கைய மாத்த முடியாதும்மா. மண்ணு சொல்லணும்."

"சோதிச்சுப் பாருங்க."

"அங்கதான் சிக்கல். ஒதுக்கின பணத்துல முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறுதான் மிச்சம். ஒரு சோதனைக்குப் பன்னெண்டாயிரம். மூணுதான் எடுக்கலாம். ஒண்ணு கோலத்துக்கு நேர் கீழ, மூணு அடி ஆழத்துல. வெஷம் கீழ எறங்கலன்னு காட்ட. மத்த ரெண்டும் கோலத்துக்கு வெளிய, ஓரத்துல. பக்கவாட்டுல பரவலன்னு காட்ட. வெளியன்னு நீங்க காட்டற எடம் உண்மையில உள்ளயா இருந்து, அதுல வெஷம் வந்துச்சுன்னா முடிஞ்சது. நாலாவதுக்கு வழியில்ல. கோலம் எங்க முடிஞ்சதுன்னு உங்களால சரியாச் சொல்ல முடியுமா?"

அம்சம் தன் கையைப் பார்த்தாள்.

"சொல்லத் தெரியாது மேடம். போட்டா தெரியும்."

செப்டம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. மில் வாசலில் முப்பத்து நாலு கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள். கமருன்னிஸா நாலு கிலோ கோலமாவு வாங்கி வந்தாள். கடையிலேயே பிரித்து, நல்ல கோலமாவுதானா என்று நாலு தடவை கேட்டிருக்கிறாள். காத்தான் சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

"பையில என்ன அண்ணே?" என்றார் இராஜாங்கம்.

"மாத்து வேட்டி ரெண்டு. பிரஷர் மாத்திரை. ஆதார் கார்டு." குரலைத் தாழ்த்தி, "அங்க போனா உடனே விடமாட்டாங்க இல்ல?" என்றார்.

கயல்விழி அவர் சொன்னதை எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டாள். "போட்டா எத்தனை வருஷம் மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார். சாட்சி சொன்னதற்குத் தண்டனை இல்லை என்று அவள் சொன்னதை அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. பை கடைசிவரை கையிலேயே இருந்தது.

அம்சம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். வாசலின் கிழக்குத் தூண் மட்டும் நின்றது. மேற்குத் தூண் எப்போதோ விழுந்து புதருக்குள் போய்விட்டது. கிழக்குத் தூணிலிருந்து அளந்து முதல் வரிசைப் புள்ளி வைத்தாள். ஏழு புள்ளி வைத்ததும் நிமிர்ந்தாள்.

"இல்ல. இப்படி இல்ல."

"என்னம்மா?"

"கோலம் என் மூஞ்சிக்கு நேரா வரல. தள்ளிப் போவுது."

கூட்டத்தில் முணுமுணுப்பு. "முப்பது வருஷம் ஆச்சு, எங்க ஞாபகம் இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள்.  இந்த ஒரு காலை நேரத்தில் தவறினால் அத்தனை பேரையும் ஆடு மேய்கிற இடத்துக்கு அனுப்பியது அவள் என்றாகும்.

புள்ளிகளைக் காலால் தேய்த்துவிட்டு, வாசலுக்கு வெளியே ரோட்டில் போய் நின்று பார்த்தாள். உள்ளே வந்து பார்த்தாள். மறுபடி வெளியே போனாள். கிழக்குத் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றவள் சட்டென்று ஒதுங்கினாள், ஏதோ வண்டிக்கு வழி விடுவது போல.

"காரு!" என்றாள். "முதலாளி காரு. கோலத்து மேல ஏறக் கூடாதுன்னு கிழக்கால வழி விட்டுத்தான் போடுவேன். இப்ப நான் அளந்தது கிழக்குத் தூணுலேருந்து. எப்பவும் மேற்குத் தூணுலேருந்துதான். ஏங்க, அந்தத் தூணு அடிக்கல்லத் தேடுங்க."

இராஜாங்கம் முதுகு வலியை மறந்து கடப்பாறை எடுத்தார். நாலு பேர் அரிவாளோடு புதருக்குள் இறங்கினார்கள். பத்து நிமிஷத்தில் கடப்பாறை நங்கென்று கருங்கல்லில் பட்டது. மேற்குத் தூணின் அடிக்கல், அசையாமல் இருந்தது.

அங்கிருந்து மூன்று எட்டு. முதல் புள்ளி. புள்ளிக்குப் புள்ளி ஒரு சாண் நாலு விரல். இந்தத் தடவை கை நிற்கவில்லை. அம்சம் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து இருபத்தொரு வரிசையும் வைத்து முடித்து, நடுவிலிருந்து இழைக்கத் தொடங்கினாள். தாமரை ஒன்று, இரண்டு, நாலு.  மன்னார்குடி பஸ் ஒன்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவனும் பார்த்துவிட்டு அடிப்பதை நிறுத்தினான்.

"வெளிக் கோடு எவ்வளவும்மா தள்ளி?" என்றாள் கயல்விழி.

"ஒரு அடி. இதோ."

எட்டு மணி பத்து நிமிஷத்துக்குக் கோலம் முடிந்தது. ஓரத்துக்கு ஓரம் இருபத்திரண்டு அடி. கயல்விழி கையிலிருந்த, இடம் காட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஜூன் மாதம் நாலாம் புள்ளி எடுத்த இடத்தில் வந்து நின்றாள். அது கோலத்துக்கு உள்ளே, வடக்கு ஓரத் தாமரையின் இதழில் இருந்தது.

"பாப்பா கோலத்த மிதிக்காதே!" என்று கத்தினாள் கமருன்னிஸா.

"மிதிக்கத்தான் பாட்டிமா வந்தேன்" என்றாள் கயல்விழி. முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு.

நடுவில் மூன்றடிக்குக் குழி வெட்டினார்கள். வெட்டின பக்கத்தைக் கரண்டியால் சீவியபோது எல்லாருக்கும் கண்ணால் தெரிந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னால், லாரிச் சக்கரம் பறித்த பள்ளத்தில் ஆற்று வண்டலைக் கொட்டி, தட்டி, சாணம் மெழுகி, அதன் மேல்தான் கோலம் போடுவார்கள். அந்தப் பொடியில் பத்தில் ஒரு பங்குதான் மருந்து, மீதி வெள்ளைக் களிமண் தூள். வண்டலுக்கும் வண்டலுக்கும் இடையில் அந்த வெள்ளை, ஏடு ஏடாகப் படுத்திருந்தது. கயல்விழி எண்ணினாள்: ஒன்பது. அம்சம் பதினொன்று என்றாள். திரும்ப எண்ணியும் ஒன்பதுதான். இரண்டு எங்கே போனதென்று இதுவரை தெரியவில்லை. கடைசி வெள்ளைக்குக் கீழே, ஒன்றே முக்கால் அடிக்கு அப்பால், மண் வெறும் மண்ணாக இருந்தது.

வெளிக் கோட்டுக்கு அப்பால் ஓரத்தில் எடுத்த இரண்டும் சேர்ந்து, மூன்று மாதிரியும் அன்றே தஞ்சாவூர் போனது. அடுத்த ஒன்பது நாளில் அம்சத்தின் தக்காளி அடுக்கு மூன்று தடவை சரிந்தது. கடைக்காரர்களில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் போகிற வருகிற எல்லாருக்கும் ஒரு புதுப் பேர் கிடைத்துவிட்டது. "மூணு கோடி அக்கா, கால் கிலோ வெண்டைக்கா" என்றார்கள். அவளும் "மேலேருந்து எடுங்க" என்றாள்.

செப்டம்பர் இருபத்தாறு, வியாழக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு அம்சத்தின் போன் அடித்தது.

"அம்மா, கயல்விழி பேசறேன். மூணுமே சுத்தம்."

அம்சம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, மூணும்" என்றாள். மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கமருன்னிஸாவின் சத்தத்தில் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்றதாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் புது மதிப்பீடு தயாரானது: எண்பத்து நாலு லட்சத்து முப்பதாயிரம். வடகிழக்கு மூலை ஒன்று, வாசலில் இருபத்திரண்டு அடிக்கு இருபத்திரண்டு அடி ஒன்று. செப்டம்பர் முப்பதாம் தேதி காலை பதினொன்று நாற்பதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அம்சமும் ஓடக்கரைத் தெருவின் பழைய களத்துப் பெண்கள் ஏழு பேரும் திருவாரூரில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை, வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். காத்தான் தனக்கும் பார்க்கச் சொன்னார். அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது.

பிறகு காத்திருப்பு. மழைக்காலம் முழுக்கப் பதில் இல்லை. டிசம்பர் பதினெட்டாம் தேதி ஒரு கடிதம் வந்தது. ஆனால் அது பணம் இல்லை, கேள்வி. 'அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் கண்டுள்ள கோலப் பகுதி எந்த ஆண்டு கட்டப்பட்டது, அதற்கு உரிய கட்டட அனுமதி பெறப்பட்டதா என்பதைத் தெரிவிக்கவும்.'

கயல்விழி போனில் இதைப் படித்துக் காட்டியபோது இராஜாங்கம் மனைவியிடம், "அனுமதி வாங்காமத்தான கட்டுனே? இப்ப இடிக்கச் சொல்றாங்க பாரு" என்றார். நகராட்சி கோலத்தின் நாலு போட்டோவை வைத்துப் பதில் அனுப்பியது. ஒன்றில் கமருன்னிஸா பாதி விழுந்திருந்தாள். "மெட்ராசுல என்னைப் பாத்துட்டுத்தான் பணம் குடுப்பாங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள்.

பொங்கல் போனது. பிப்ரவரியும் போனது. மார்ச் முதல் வாரத்தில் நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து மதிலில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். சிலர் சாக்கையும் தராசையும் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அம்சம் கட்டவில்லை. வழக்கம்போல் காலை நாலரைக்கு எழுந்து, மொத்த மார்க்கெட்டுக்குப் போய்க் காய் எடுத்து, ஆறரைக்கு அடுக்கினாள்.

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நகராட்சி எழுத்தர் மெஹராஜ் பேகம் வெயிலில் குடைகூடப் பிடிக்காமல் வேகமாக நடந்து வந்தாள். அம்சம் ஒருவருக்குப் பாகற்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்சத்தம்மா, வந்துருச்சு."

"இருங்க, இவருக்குக் குடுத்துடறேன்" என்று அம்சம் நிறுத்து முடித்து, இரண்டு பாகற்காய் கூடவே போட்டாள். வாங்கினவர் காசு கொடுக்காமல் போனதை அவள் கவனிக்கவில்லை; அவரும் சாயந்திரம் ஞாபகமாக வந்து கொடுத்தார்.

மெஹராஜ் பேகம் நின்றபடியே படித்தாள். முப்பத்து நாலு பேரும் சுற்றி நின்றார்கள். மண் சுத்தம் செய்ய ரூ. 84,30,000. கூரையோடு முப்பத்து நாலு கடை கட்ட ரூ. 1,06,00,000. வேலை தொண்ணூறு நாளுக்குள் தொடங்க வேண்டும். கடைகள் கட்டி முடியும்வரை வியாபாரிகள் அனைவரும், சோதனையில் சுத்தம் என்று தெரிந்த தென்கிழக்கு மூலையில் உட்கார்ந்து விற்கலாம். இதன் நகல் நெடுஞ்சாலைத் துறைக்கும்.

"கோலத்துக்கு அனுமதி குடுத்துருக்காங்களா?" என்றாள் கமருன்னிஸா.

"அது இதுல இல்லம்மா."

அந்தக் கடிதம் செங்கழனிப்பேட்டை நகராட்சி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது 2025 மார்ச் 12, புதன்கிழமை.